பகவத்பாதருக்கு ஒரு டெத் மெட்டல் வணக்கம்

சாஸ்திர நூல் எழுதப் புகுபவர் முதலில் குருவை வணங்குவார். டெத் மெட்டல் தொகுப்பு ஒன்றும் அந்த ஒழுங்கைக் காப்பாற்றும் என்று நான் நினைத்ததில்லை. சிங்கப்பூரின் ‘ருத்ரா’ குழு 2009இல் வெளியிட்ட ‘பிரம்மவித்யா: டிரான்சென்டென்டல் ஐ’யின் முதல் உருப்படிக்குப் பெயர் ‘பகவத்பாத நமஸ்கார’. ஆதிசங்கரருக்கு வணக்கம் சொன்ன பிறகுதான் அடி, இடி எல்லாம்.

தலைப்பின் கடைசியில் நிற்கும் ‘ஐ’யைக் கவனியுங்கள். 2005இல் ‘ப்ரைமார்டியல் ஐ’, பிறகு இது, 2011இல் ‘இம்மார்ட்டல் ஐ’. ரோமன் எண் என்று எண்ணி இரண்டாம் பாகத்தைத் தேடினால் அகப்படாது. மூன்றிலும் அதே எழுத்து; ஆங்கிலத்தின் ‘நான்’. விருபாட்ச குகையில் சிவப்பிரகாசம் பிள்ளை ‘நான் யார்?’ என்று ரமணரிடம் கேட்ட ஊர் திருவண்ணாமலை. இங்கே உட்கார்ந்து கேட்பவனுக்கு அந்த ‘ஐ’ எண்ணாகத் தோன்றவே தோன்றாது. அதே 2009 தொகுப்பில் ‘நாட் தி சீன் பட் தி சீயர்’ என்றொரு பாட்டு: காணப்படுவது அல்ல, காண்பவன். திருக் திருசிய விவேகத்தின் சாரம் இது. அந்த நூலை ரமணர் தமிழாக்கியிருக்கிறார்.

கதிர், சிவா, பாலா என்ற தமிழ்ப் பிள்ளைகள் 1992இல் தொடங்கிய குழு. முதல் தொகுப்பு வர 1998 ஆயிற்று. 2001இல் ‘தி ஆரியன் குருசேட்’, 2003இல் ‘குருக்ஷேத்ரா’. இவற்றில் வேகம் உண்டு, தெளிவு குறைவு என்பது என் கட்சி. 2005க்குப் பிறகுதான் எதை எங்கே நிறுத்துவது என்ற நிதானம் கைவந்தது.

மெட்டலுக்குள் சுலோகத்தைச் சேர்க்கும் விதத்தில் அந்த நிதானத்தைக் கேட்க வேண்டும். வேத பாராயணம் மூன்று நான்கு சுரங்களுக்குள்தான் ஏறி இறங்கும்: உதாத்தம், கீழே அனுதாத்தம், மேலே சுவரிதம். மெட்டல் கிதாரும் தடித்த கீழ்க்கம்பியை விடாமல் அதிரவிட்டு, அரைச் சுரம் மேலே, அரைச் சுரம் கீழே என்று அதே குறுகிய இடத்தில்தான் சுற்றும். ராகத்தை விரித்துப் பாட முயன்றிருந்தால் கிதார் தடுமாறியிருக்கும். சுலோகத்தைக் கொண்டு வந்ததால் இரண்டும் ஒரே சந்தில் புழங்கும் அண்டை வீட்டார்போல் ஒத்துப்போகின்றன. பாட்டின் பெரும்பகுதி ஆங்கிலம், அதுவும் கதிரின் அடித்தொண்டை உறுமலில்; முதல் முறை ஒரு சொல்லும் பிடிபடாது. சுலோகம் வரும்போது குரல் தெளிகிறது. அதை ஊறுகாய்போலத் தொட்டுக்கொள்ளாமல் அதற்கு இடம்விட்டு வாசிக்கிறார்கள். கலவை இசை செய்கிறவர்கள் பலரும் தவறவிடும் இடம் இது.

மௌனத்தின் ஊரில் இந்த இரைச்சலா என்று ஆசிரமத்து நண்பர் ஒருவர் முகம் சுளித்தார். கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு, மலைமேல் சுடர் தெரிந்ததும் லட்சக்கணக்கானோர் எழுப்பும் ‘அரோகரா’வைக் கேட்டவர்தான் அவரும்.

2016இல் வந்த தொகுப்பின் தலைப்பு ‘எனிமி ஆஃப் டூவாலிட்டி’, இருமையின் பகைவன். 2022இல் ‘எய்ட் மகாவித்யாஸ்’ தேவியின் பக்கம் திரும்பியது. புதிதாகக் கேட்கிறவர் அங்கே போகவேண்டாம். 2009 தொகுப்பின் ‘ஹிம்ஸ் ஃப்ரம் தி பிளேசிங் சாரியட்’ பாட்டில் தொடங்கலாம், கீதை சொல்லப்பட்ட தேர் நமக்குத் தெரிந்ததுதானே. கிரிவலத்துக்கு வேண்டாம், டிரம்ஸின் வேகத்துக்குக் கால் ஈடுகொடுக்காது.