அட்டையில் தெரியும் கை

புதுக்கடையில் நீதிமன்றங்களை அடுத்த ஒழுங்கையொன்றில் வாழும் நண்பர் ஒருவர், தாம் சேர்த்து வைத்திருக்கும் பழைய தமிழ்ச் சித்திரக்கதைப் புத்தகங்களை அண்மையில் எமக்குக் காட்டினார். ஒவ்வொன்றும் கண்ணாடி போன்ற உறைக்குள் இருந்தது. எடுத்துப் புரட்ட அனுமதியில்லை. அட்டையில் மடிப்பு விழுந்தால் விலையும் விழுந்துவிடுமாம். படிப்பதற்கென்று அச்சான புத்தகம், படிக்கப்படாதிருப்பதனாலேயே மதிப்புப் பெறும் இவ்விந்தை எம்மைச் சிந்திக்க வைத்தது.

பயன் மதிப்பு வேறு, பரிவர்த்தனை மதிப்பு வேறு என்று விளக்கப் புகும் ஆசிரியர் இதனினும் தெளிவான உதாரணத்தைத் தேட வேண்டியதில்லை. 1938 இல் அமெரிக்காவில் பத்துச் சதத்துக்கு விற்ற ‘அக்ஷன் கொமிக்ஸ்’ முதலாம் இதழின் பிரதியொன்று 2024 இல் அறுபது இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. மோட்டார் வண்டியைத் தூக்கி நிற்கும் சூப்பர்மேனை அதன் முகப்பில் வரைந்த ஜோ சூஸ்டரும், கதை எழுதிய ஜெரி சீகலும் அவ்வீரன்மீதான உரிமையை விற்றுப் பெற்றது 130 டொலர். அத்தொகை குறிக்கப்பட்ட காசோலையே 2012 இல் 160,000 டொலருக்கு விலைபோயிற்று. உழைப்பு ஏமாற்றப்பட்டதற்கான சான்றும் சந்தைச் சரக்காகிவிட்டது!

தமிழிலும் கதை இதுதான். 1972 இல் சிவகாசியில் தொடங்கிய ‘முத்து கொமிக்ஸ்’ வெளியிட்ட முதற் புத்தகம் ‘இரும்புக்கை மாயாவி’. இலண்டனின் ‘வேலியன்ட்’ இதழில் 1962 இல் தோன்றிய இக்கதைக்கு உள்ளே சித்திரம் தீட்டியவர் ஸ்பானியரான ஹெசுஸ் பிளாஸ்கோ. உட்பக்கங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. வண்ணம் கண்டது அட்டை மாத்திரமே. அவ்வட்டைகளுள் பல, மூலப் படங்களைத் தழுவியேனும், தமிழ்நாட்டு ஓவியரின் தூரிகையிற் பிறந்தவை.

அந்தத் தூரிகை எங்கே பயின்றது? தீப்பெட்டிச் சீட்டும் பட்டாசு உறையும் நாட்காட்டியும் அச்சான பூமி அது. அயலிலுள்ள கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டைய ராஜுவும் (1898–1976) அவர் மாணாக்கரும் வரைந்த தெய்வங்கள் ஏழையின் சுவரையும் அலங்கரித்தன. தீப்பெட்டிச் சீட்டு தூரத்திலேயே கண்ணைப் பிடிக்க வேண்டும். நாட்காட்டிப் படம் ஓராண்டு முழுதும் அலுக்காதிருக்க வேண்டும். பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கிய கதைப் புத்தகத்தின் அட்டைக்கு இவ்விரு கலையும் வேண்டியிருந்தன. அடர்ந்த சிவப்பு அல்லது மஞ்சட் பின்னணி. முன்னே ஓர் உருவம். அடி விழுவதற்கு ஒரு கணம் முந்திய நிலை. விழுந்த அடியை வரைந்தால் சிறுவன் புத்தகத்தை வாங்கான் என்பதை ஓவியர் அறிந்திருந்தனர். இது மலிவான தந்திரமன்று. வெகுசனக் கலையின் இலக்கணம்.

ஆயினும் கலைத்திறன் கண்டவிடத்துக் கருத்தை மறந்துவிடலாகாது. 1964 இல் பம்பாயில் தொடங்கித் தமிழ் உட்படப் பல மொழிகளில் வந்த ‘இந்திரஜால் கொமிக்ஸ்’ இதழ்களுக்குக் கோவிந்த் தீட்டிய முகப்புகளைச் சேகரிப்போர் இன்றும் போற்றுகின்றனர். அவற்றின் நாயகனான ‘ஃபாண்டம்’ யார்? காட்டு மக்கள் நடுவே மண்டையோட்டுச் சிம்மாசனத்தில் வீற்றிருந்து தலைமுறை தலைமுறையாக நீதி வழங்கும் வெள்ளையன். ‘பெங்காலா’ என்ற நாட்டின் பெயரை ‘டெங்காலி’ என்று மாற்றிய பதிப்பாளர் சிம்மாசனத்தை மாற்றவில்லை. எமது புதுக்கடையின் ஆங்கிலப் பெயரும் 1656 இல் கொழும்பு முற்றுகையில் மாண்ட ஒல்லாந்தத் தளபதி ஹல்ஃப்டின் பெயரே. அப்பெயர் தாங்கிய தெருக்களில் வளர்ந்த சிறுவர்க்கு, கறுத்த மக்களைக் காக்க வெள்ளை வீரன் வேண்டும் என்பது புதுமையாகத் தோன்றியிராது. வண்ணத்தின் அழகு அந்தப் பொய்யை இனிப்பாக்கிற்று.

இனி, இப்பிரதிகள் இலங்கையில் அரிதானது எதனால்? 1970 இல் பதவியேற்ற கூட்டரசாங்கம் தமிழகச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. 1977 இன் பின் கதவு திறந்தது; கட்டுக் கட்டாக வந்தன. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983 ஆடியில் கொழும்பிலே தமிழர் வீடுகள் எரிந்தன. அதன்பின் மக்கள் ஊர்விட்டு ஊர் ஓடினர். உயிரைக் கையிற் பிடித்து ஓடியவர் கதைப் புத்தகத்தையா சுமப்பார்? ‘அரிய பிரதி’ என்று விலை கூறுவோர், அந்த அருமையின் பின்னால் சாம்பல் இருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எம் பக்கத்துத் தவறும் உண்டு. இறக்குமதிக் கட்டுப்பாட்டை முற்போக்காளர் வரவேற்றனர். ஈழத்து எழுத்து வளர அது உதவிற்று என்பதை இன்றும் நாம் மறுக்கவில்லை. ஆனால் ‘நச்சிலக்கியம்’ என்று ஒதுக்கியதோடு எம் கடமை முடிந்ததாக எண்ணினோம். நஞ்சு என்றால் அதைப் பகுத்துப் பார்க்க வேண்டாமா? உழைக்கும் மக்களின் பிள்ளைகள் காசு சேர்த்து வாங்கிய படங்களை, வகுப்பறையில் வைத்து ஆராய நாம் முன்வரவில்லை. நாம் விட்ட இடத்தைச் சந்தை பிடித்துக்கொண்டது.

எனவே சேகரிப்போரிடம் நாம் வேண்டுவது இதுவே: உறையைத் திறவுங்கள். அட்டைகளைப் படியெடுத்துப் பொதுவில் வையுங்கள்; 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிம வடிவில் காத்துவரும் ‘நூலகம்’ நல்ல முன்மாதிரி. ஒவ்வொரு படத்தின் கீழும் வரைந்தவர் பெயரைத் தேடி எழுதுங்கள். 1984 இல் தொடங்கிய ‘லயன் கொமிக்ஸ்’ அட்டைகளை வரைந்த மாலையப்பன் போன்ற ஒரு சிலரையே வாசகர் பெயர் சொல்லி அறிவர். ஏனையோரை அறிந்த அச்சகத் தொழிலாளர் முதுமையெய்தி வருகின்றனர், காலம் காத்திராது.

மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியின் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் தெரியும். அந்த அட்டைகளை வரைந்தவரின் கதியும் அதுவே. கை செய்த வேலையைக் கண்ணாடி உறைக்குள் வைத்துக் கொண்டாடுகிறோம். கைக்குரிய மனிதனைக் காண்பதே எமது வேலை.