கொள்ளையிடலாகாத இடம்

ஹார்வர்டு வணிகவியல் பள்ளியின் ஓய்வுபெற்ற பேராசிரியை ஷோஷானா சூபாஃப் அம்மையார் எழுதி 2019இல் வெளிவந்த ‘கண்காணிப்பு முதலாளித்துவ யுகம்’ என்னும் ஆங்கில நூல் பொருளாதாரத்தைப் பற்றியது என்று எண்ணி, இறையியல் மாணவர் அதனை ஒதுக்கிவிடலாகாது. இளைஞரின் உள்ளத்தைக் குறித்து அது எழுப்பும் வினா ஆயர்பணிக்கும் உரிய வினாவாகும்.

நூலின் மையக்கருத்து இதுவே: சமூக ஊடகத்தில் நாம் எதைத் தேடுகிறோம், எதனருகே சற்று நிற்கிறோம் என்னும் தடயங்கள் சேவைக்குத் தேவையான அளவுக்கு மிஞ்சிச் சேகரிக்கப்படுகின்றன. அவற்றைக் கொண்டு நம் வருங்காலச் செயல் கணிக்கப்பட்டு, அக்கணிப்பு விற்கப்படுகிறது. 2017இல் ஆஸ்திரேலியாவில் வெளிப்பட்ட ஃபேஸ்புக் நிறுவன ஆவணம் ஒன்றை ஆசிரியர் சான்றாகக் காட்டுகிறார். இளம்பருவத்தினர் எப்போது தம்மைப் பயனற்றவராக உணருகின்றனர் என்பதை அறிய இயலும் என்று அது கூறிற்று. அவ்வறிவைக் கொண்டு விளம்பரம் செலுத்தும் வசதியைத் தாம் அளிக்கவில்லை என நிறுவனத்தார் மறுத்தனர். மறுப்பை ஏற்றுக்கொண்டாலும், பிள்ளையின் சோர்வு தாய்க்குத் தெரியுமுன் வணிகருக்குத் தெரியக்கூடும் என்பது நம்மைத் திடுக்கிடச் செய்கிறது.

‘நான் யார்?’ என்னும் வினாவுக்கு விடை காணும் பருவம் இளமை. அவ்விடை பலர் பார்வையில் உருவாவதில்லை. தவறிவிழவும் மறுபடி எழவும் மறைவிடம் ஒன்று வேண்டும். ஆகவே அடைக்கலத்துக்கான உரிமையை ஆசிரியர் வற்புறுத்துகிறார். அடைக்கலத்தைக் குறிக்கும் ‘அசூலோன்’ என்னும் கிரேக்கச் சொல்லின் பொருள் ‘கொள்ளையிடலாகாதது’ என்பதை அவர் நினைவூட்டுவது நமக்குப் பெரிதும் பயன்படும்.

எனினும் இரு குறைகளைச் சுட்டுதல் நம் கடன். ஊடகமே இளைஞரின் மனச்சோர்வுக்குக் காரணமா, எவ்வளவு காரணம் என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. நூலின் நடையிலோ அத்தயக்கம் போதிய அளவு காணப்படவில்லை. இரண்டாவதாக, அடைக்கலம் என்பதை ஆசிரியர் பெரும்பாலும் உரிமையாகவே காண்கிறார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017இல் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். சட்டம் அறைக்குக் கதவைத் தரும். அறைக்குள் துணையைத் தராது. மலைப்பிரசங்கம் காட்டும் சாத்தப்பட்ட அறையோ வெறுமையான அறையன்று. அந்தரங்கத்தில் காணும் பிதா அங்கிருக்கிறார். விற்பதற்காக அறிவதும் அன்பினால் அறிவதும் ஒன்றல்ல.

இவ்வேறுபாடு நம்மையே தீர்க்கிறது. நாம் அறிந்த ஒரு சபையில், வாலிபர் முகாமுக்கு வந்த மாணவி ஒருத்தி தன் தேர்வுத் தோல்வியையும் அச்சத்தையும் கண்ணீரோடு சாட்சியாகக் கூறினாள். அன்றிரவே அந்தக் காணொளி சபையின் பக்கத்தில் வெளியாயிற்று. மறுநாள் அவள் வகுப்பினர் அதைக் கண்டிருந்தனர். பின்பு எந்தக் கூட்டத்திலும் அவள் வாய் திறக்கவில்லை. வெளியிட்டவர் தீயவரல்லர்; ஊழியம் செய்வதாகவே எண்ணினார்.

நம்மை நம்பிச் சொன்னதை நாமே தெருவில் வைத்துவிட்டு, நிறுவனங்களைக் கண்டித்துப் பிரசங்கிப்பது தகுமா? இந்நூலை வாசிக்கும் ஆயர் முதலில் தம் கைப்பேசியிலுள்ள பிள்ளைகளின் படங்களையும் சாட்சிகளையும் எடுத்துப் பார்ப்பாராக.