உடப்புசல்லாவையிலிருந்து எத்தனை மணி நேரம்?

சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீற்றர், திருச்சியிலிருந்து 185. தூரம் ஏறக்குறைய பாதி, நேரம் பாதியல்ல. சென்னை விமானத்துக்கு ஒன்றேகால் மணி நேரம், திருச்சி விமானத்துக்கு ஒரு மணி நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், மேலே ஏறுவதும், தாழ்ந்து இறங்குவதும் எவ்வளவு குறுகிய பயணத்திலும் உண்டு.

நம் மலையகத்தாருக்கோ பறக்கும் நேரத்தைவிட விமான நிலையம் போகும் நேரம்தான் நீளம். தோட்டத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து கப்பலேறிய பலர் நீலகிரியின் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினார்கள். அங்கே உறவில் ஒரு சாவு என்றால் மலையகத்து உடப்புசல்லாவைக்காரர் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போக வேண்டும். பறவை பறந்தால் 115 கிலோமீற்றர். இராகலை, நுவரெலியா, றம்பொடை வளைவுகள் வழியே வேனில் போனால் ஆறு மணி நேரம். “காலையில ஒம்பது மணி பிளைட்டுன்னா ராத்திரி பன்னெண்டுக்கே வேன் ஏறணும்” என்பதுதான் இங்கே வழக்கமான பேச்சு. பிள்ளைகளுக்கு வாந்தி எடுக்கப் பை, பெரியவர்களுக்குச் சால்வை, பிளாஸ்கில் தேத்தண்ணி. அப்புறம் திருச்சிக்கு ஒரு மணி நேர விமானம், அங்கிருந்து மறுபடி பஸ், மறுபடி மலை.

இந்தியாவிலும் இப்படி ஒதுக்குப்புறமான ஊர்கள் உண்டு. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த அசாமின் திப்ருகரிலிருந்து அருணாசலத்தின் பாசிகாட்டுக்கு வான்வழி சுமார் 70 கிலோமீற்றர்தான். அந்தக் குறுந்தூரத்துக்கும் 2022 ஏப்ரல் 12இல் பதினேழு இருக்கை டோர்னியர் விமானம் பறந்தது. சிறு ஊர்களை விமானத்தால் இணைக்க இந்திய அரசு கொண்டுவந்து, 2017இல் பறக்கத் தொடங்கிய உடான் திட்டத்தில், ஒரு மணி நேரப் பயணத்துக்குக் குறிப்பிட்ட இருக்கைகளின் கட்டணத்தை 2,500 ரூபாய் அளவில் கட்டுப்படுத்தினார்கள். விமான நிறுவனத்துக்கு விழும் துண்டை அரசு ஈடுசெய்தது. எல்லாம் கைகூடவில்லை. ஒப்படைத்த 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை என்று 2023இல் தணிக்கை அறிக்கை சொன்னது. ஆனாலும் ஒதுக்குப்புறத்து மனிதர் பறக்க அரசு பணம் போட வேண்டும் என்ற எண்ணத்தை நான் மதிக்கிறேன்.

நம் மலையிலும் விமானம் இறங்கியிருக்கிறது. ஹட்டன் அருகே காசல்ரீ நீர்த்தேக்கத்தில், மிதவை பொருத்திய செஸ்னா வந்து இறங்கியது. வந்தவர்கள் உல்லாசப் பயணிகள், கட்டணம் டொலரில். கரையோரம் கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கு அதில் இருக்கை கிடையாது. முன்பும் அப்படித்தான்: நானுஓயாவிலிருந்து இராகலை வரை வெள்ளைக்காரன் சிறிய ரயில்பாதை போட்டது தேயிலைப் பெட்டிக்காக. 1940களில் அதுவும் நின்றுபோனது.

நுவரெலியாவில் விமான நிலையம் கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இந்த மலையில் ஓடுபாதைக்குச் சமநிலம் தேடினால் தோட்டத்தையும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தையும்தான் உடைப்பார்கள். உடான் காசு போட்ட மாதிரி நம் அரசும் போடட்டும், பஸ்ஸுக்கு: இராகலையிலிருந்து இரவு பத்து மணிக்குப் புறப்பட்டு நேரே கட்டுநாயக்கா வாசலில் நிற்கும் ஒரு பஸ், தோட்டச் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும் டிக்கெட்டில்.