கூலி நிற்கும் நாள் விடுப்பாகாது

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் பொம்மை வார்க்க வருகிறவர் முதலில் கற்றுக்கொள்ளும் பாடங்களில் ஒன்று, அச்சைக் காயவிடுவது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் களிமண் கூழை ஊற்றினால் அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ளும். உள்பக்கம் மண் ஏடாகப் படியும். வேண்டிய தடிமன் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிடலாம். அடுத்தடுத்துச் சில முறை வார்த்தால் அச்சே ஊறிப்போகும். அதற்குமேல் ஊற்றினால் மண் சரியாகப் படியாது, பொம்மை அச்சைவிட்டுக் கழன்று வராது. காய்ந்த பிறகுதான் அச்சு மறுபடி வேலைக்கு ஆகும். அந்த நேரத்தை யாரும் நஷ்டம் என்று எழுதுவதில்லை. அதே அச்சைத் தூக்கிக் கவிழ்க்கும் கைகளுக்கு இந்த நியாயம் எவ்வளவு தூரம் எட்டியிருக்கிறது?

ஏட்டில் நன்றாகவே எட்டியிருக்கிறது. மும்பை ஆலைத் தொழிலாளர்களுக்கு ஞாயிறு விடுமுறையை நாராயண் மேகாஜி லோகாண்டே 1890இல் போராடிப் பெற்றுத்தந்தார். வார ஓய்வு பற்றிய 1921ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையை இந்தியா 1923இலேயே ஏற்றது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்துடன் விடுப்பு தந்தது. தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் இதன்மேல் ஒன்பது தேசிய, பண்டிகை விடுமுறைகளைச் சேர்த்தது.

இவை சாதாரண வெற்றிகள் அல்ல. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்ததால் வந்த பக்கவாதத்திலும் இதய நோயிலும் 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 7,45,000 பேர் இறந்ததாக உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணக்கிட்டுச் சொன்னன. விடுப்பைச் சோம்பலின் வேறு பெயராகப் பார்க்கிறவர்களுக்கு இந்த ஓர் எண்ணே போதும்.

ஆனால் இந்தச் சட்டங்கள் மனத்தில் வைத்திருந்தது பெரிய ஆலையை. ஆண்டு முழுக்க ஓடும் இயந்திரம், வாசலில் வருகைப் பதிவு, மாதச் சம்பளம். விருத்தாசலத்தின் தொழில் வேறு மாதிரி. நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண்ணையும் ஊரிலேயே உள்ள அரசு செராமிக் தொழில்நுட்பக் கல்லூரியையும் துணையாகக் கொண்டு வளர்ந்தவை இங்குள்ள சிறு பட்டறைகள். அகல் விளக்கு, கொலு பொம்மை, மின்சார ஃபியூஸ் கேரியர் என்று சரக்கு போகிறது. நவராத்திரிக்கும் கார்த்திகைக்கும் முன்னால் ஆள் போதாது. மழை பிடித்தால் வார்த்தது காயாது. பண்டிகை முடிந்தால் ஆர்டர் குறையும்.

ஆகவே இங்கே வேலையில்லாத நாளுக்குப் பஞ்சம் இல்லை. விடுப்புக்குத்தான் பஞ்சம். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இரண்டிலும் ஆள் வீட்டில்தான் இருக்கிறார். உருப்படிக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு, பட்டறை பூட்டிய நாளில் கடைக்காரரிடம் கடன் ஏறுகிறது. முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸ் அப்படியே நிற்கிறது. கவலையோடு உட்கார்ந்திருக்கிற நாளில் உடம்பு தேறுவதில்லை. விடுப்பைப் பற்றிய எல்லாப் பாராட்டும், அன்றைய கூலி வந்துசேரும் என்ற உறுதியின் மேல்தான் நிற்கிறது.

சட்டத்தின் ஓட்டைகள் இந்த இடத்தில்தான் தெரிகின்றன. பருவத்துக்குப் பருவம் பட்டறை மாறுகிறவர் ஒரே முதலாளியிடம் 240 நாளை எப்படி நிரப்பியிருப்பார்? வேலை தராமல் நிறுத்திவைத்தால் பாதிச் சம்பளம் என்ற விதியும் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்தது. ஆனால் 50 பேருக்குக் குறைவான இடங்களையும் பருவத் தொழில்களையும் அது விட்டுவிட்டது. அதிகம் தேவைப்படுகிறவருக்கே அது கிடைக்காமல் போனது வருத்தத்துக்குரியது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்பு 240ஐ 180ஆகக் குறைத்தது; வரவேற்க வேண்டிய மாற்றம். அதே தொகுப்பு, மின்சாரம் பயன்படுத்தும் தொழிற்சாலைக்கான ஆள் வரம்பை 10இலிருந்து 20ஆக உயர்த்தியது. சிறு பட்டறைகள் நிறைந்த ஊருக்கு ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்த கதைதான் இது.

விடுப்பால் ஆகாதவையும் உண்டு. மூலப்பொருளை அரைக்கும் இடத்தில் பறக்கும் சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கினால், ஒரு மாதம் வீட்டில் படுத்தாலும் அது போகாது. சிலிக்கோசிஸ் நோய்க்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஈரம் காட்டி அரைப்பது, தூசை உறிஞ்சும் ஏற்பாடு, நல்ல முகக்கவசம் ஆகியவற்றின் இடத்தை எந்த விடுமுறையும் நிரப்பாது. பெண்களின் கணக்கு இன்னும் கசப்பானது. இந்தியாவில் வீட்டு வேலையில் ஈடுபடுகிறவர்களில் பெண்கள் நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதற்குச் செலவிடுவதாக 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு காட்டியது. விளக்குக்கு வண்ணம் தீட்டும் பெண்ணின் ஞாயிறு, துவைப்பதிலும் மாவரைப்பதிலும் முடிகிறது.

ஓய்வைக் கூட்டித் தருவதாகச் சொல்லி வேலை நேரத்தை நீட்டும் யோசனையும் வந்தது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம் 12 மணி நேர வேலைக்கு இடம் தந்தது. நான்கு நாள் உழைத்து மூன்று நாள் ஓய்வெடுக்கலாம் என்பது வாதம். எதிர்ப்பு கிளம்ப, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. சரியான முடிவு. சூளை அருகே பன்னிரண்டு மணி நேரம் நின்றவருக்கு ஐந்தாம் நாள் ஓய்வு, அலுப்புக்கு வைத்தியமாகுமே தவிர விடுப்பாகாது.

அப்படியானால் சிறு பட்டறை முதலாளி என்ன செய்வார்? சம்பளத்தோடு விடுப்பு தந்தால் அகலின் விலை ஏறும் என்று அவர் அஞ்சுவதில் பொய் இல்லை. ஆனால் வழி பக்கத்திலேயே இருக்கிறது. இதே மாவட்டத்தின் கடலூர் துறைமுகத்தில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை; மீனவக் குடும்பங்களுக்கு அரசு தடைக்கால நிவாரணம் தருகிறது. மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணம் உண்டு. தொழில் நிற்கும் காலத்துச் செலவைத் தொழிலாளி மட்டும் சுமக்கக் கூடாது என்பதை அரசு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. பீங்கான் பட்டறைக்கும் அதே தர்க்கம் பொருந்தும்.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் இங்கே பயன்படக்கூடிய ஒரு கணக்கும் இருந்தது. விடுப்புக்கு முந்தைய மாதத்தில் வேலை செய்த நாள்களின் சராசரி வருமானமே அதில் விடுப்புச் சம்பளம். உருப்படிக் கூலிக்காரருக்கும் இதைப் போட்டுப் பார்க்கலாம். கார்த்திகைச் சரக்கு ஏறிய கையோடு விடுப்பு எடுத்தால் சராசரி உயர்ந்திருக்கும், பட்டறைக்கும் அவசரம் இருக்காது. வெவ்வேறு பட்டறைகளில் செய்த நாள்களைப் பேட்டை முழுவதற்கும் சேர்த்து எண்ணினால் 180ஐ எட்டுவதும் எளிதாகும். முதலாளிகள் ஆளுக்கொரு பங்கு போட்டு, மீதியைத் தொழிலாளர் நல வாரியம் ஏற்கலாம். இவற்றில் எதைத் தொடங்கவும் யார் எங்கே எத்தனை நாள் வேலை செய்தார் என்று எழுதிவைக்கும் பொதுப் பதிவேடு வேண்டும். பேட்டையின் சங்கங்களும் தொழிலாளர் துறையும் முதலில் உட்கார்ந்து பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.