அமெரிக்க நாவல்களில் அடிமைத் தாயர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அடிமை முறை 1865-ஆம் ஆண்டில், அரசியல் சட்டத்தின் 13-ஆம் திருத்தத்தால் ஒழிந்தது. அம்முறைக்குப் பரிந்து பேசுவோர், இரக்கமுள்ள எசமானரும் இருந்தனரே என்பர். எசமானரின் இரக்கம் அடிமைக்குக் காப்பாகுமா? இவ்வினாவுக்கு அந்நாட்டு நாவல்கள் மூன்று தாய்மாரைக் கொண்டு விடை கூறுகின்றன.

முதலாமவள் எலைசா. ஹேரியட் பீச்சர் ஸ்டோ அம்மையார் 1852-இல் நூலாக வெளியிட்ட 'டாம் மாமாவின் குடிசை'யில் வருபவள். அவளுடைய எசமானர் ஷெல்பி, கெண்டக்கி மாநிலத்தவர்; அடிமைகளை அன்போடு நடத்துபவர். ஆயினும் கடன் நெருக்கவே, தம் நம்பிக்கைக்குரிய டாமையும் எலைசாவின் சிறு மகனையும் அடிமை வணிகனுக்கு விற்க இசைகிறார். மகனைத் தூக்கிக்கொண்டு ஓடும் தாய், ஒஹையோ ஆற்றில் மிதக்கும் பனிக்கட்டிகளின்மேல் தாவித் தாவி அக்கரை சேர்கிறாள். சாட்டை எடுத்தறியாத கையும் விற்பனைப் பத்திரத்தில் ஒப்பமிடும் என்பதை ஆசிரியை காட்டிவிட்டார். இந்நாவல் வாசகரின் கண்ணீரை மிகுதியாக நம்புகிறது என்று ஜேம்ஸ் பால்ட்வின் 1949-இல் கண்டித்தார். அக்கண்டனம் தக்கதே, எனினும் ஷெல்பி என்னும் பாத்திரத்தின் வலிமை அதனால் குறையவில்லை.

இரண்டாமவள் ராக்சி. மார்க் ட்வைன் 1894-இல் வெளியிட்ட 'புட்டன்ஹெட் வில்சன்' நாவலில் வருகிறாள். பதினாறில் ஒரு பங்கு கறுப்பினக் குருதியே அவளை அடிமையாக்கியது. தன் குழந்தை தெற்கே விற்கப்படுமோ என்றஞ்சி, அதனை எசமானர் குழந்தையின் தொட்டிலில் மாற்றி இடுகிறாள். செல்வனாக வளர்ந்த மகன் சூதாடிக் கடன்படுகிறான். தன்னை விற்றுக் கடன் தீர்க்குமாறு தாயே முன்வர, அவளை ஏமாற்றிக் கொடிய தென்னாட்டுத் தோட்டத்துக்கு விற்றுவிடுகிறான். பின்னர்க் கொலை செய்து ஆயுள் தண்டனை பெறுகிறான். அப்பொழுது பிறப்பு உண்மை வெளிப்படுகிறது. அவன் பழைய எசமானரின் சொத்து, சிறையில் அடைத்தால் தங்கள் பணம் வீணாகும் என்று கடன் கொடுத்தோர் வாதாடுகின்றனர். ஆளுநர் மன்னிப்பளிக்கிறார், அவனும் தெற்கே விற்கப்படுகிறான். நகைச்சுவைக்குப் பேர்போன ஆசிரியரின் நூலில் நகைக்க முடியாத இடம் இது.

மூன்றாமவள் சேத். டோனி மாரிசன் அம்மையாரின் 'பிலவட்' (1987) நாவலின் தலைவி. 1856-இல் கெண்டக்கியினின்று தப்பி, பிடிபடும் நேரத்தில் தன் மகளைக் கொன்ற மார்கரெட் கார்னர் என்னும் தாயின் வரலாறே இந்நாவலுக்கு வித்து. சேத்தின் முதல் எசமானரும் இரக்கமுள்ளவரே. அவர் இறந்ததும் பண்ணையை மேற்பார்க்க வருபவன் 'பள்ளியாசிரியர்' எனப்படுகிறான். அடிமைகளிடம் காணும் மனிதக் கூறுகளை ஒருபுறமும் விலங்குக் கூறுகளை மறுபுறமும் எழுதுமாறு தன் மாணாக்கருக்குக் கற்பிக்கிறான். கல்வி இத்தொழிலுக்கும் துணைபோயிற்று என்பது ஆசிரியப் பணி புரிவோர் எண்ணிப் பார்க்கத்தக்கது. தப்பியோடிய சேத் இருபத்தெட்டு நாளே விடுதலையாக வாழ்கிறாள். பிள்ளைகளைப் பிடித்துச் செல்ல அவன் வந்ததும், பெண் குழந்தையைத் தன் கையாலேயே கொன்றுவிடுகிறாள். நாவல் அச்செயலைப் புகழவில்லை, எளிதில் மன்னிக்கவுமில்லை. அந்நிலைக்கு ஒரு தாயைத் தள்ளியது எது என்றே வினவுகிறது.

ஷெல்பியின் இரக்கம் கடனுக்குத் தோற்றது; சேத்தின் முதல் எசமானரது இரக்கம் அவரோடு மாண்டது. ராக்சியின் மகனையோ, சட்டமே பொருளாக எண்ணி விற்பனைக்கு விட்டது. தாய்க்குத் தன் பிள்ளைமேல் உரிமையில்லை என்று சட்டம் சொல்லும் நாட்டில், எசமானர் நல்லவரா தீயவரா என்பது சிறு வேறுபாடே. மூன்று நூல்களையும் காலமுறைப்படி கற்போர்க்கு இவ்வுண்மை தெளிவாகும்.