காலைப் பாருங்கள்

‘பாஷை புரியாதே, அங்கே வந்து நான் என்ன பண்ணப்போகிறேன்?’ புதுச்சேரிக்கோ திருச்சூருக்கோ ஒரு நாடகம் பார்க்கக் கூப்பிட்டால் நண்பர்கள் சொல்கிற பதில் இதுதான். கொரியத் தொடர்களை விடிய விடியப் பார்க்கிறவர்கள் இவர்கள். மேடை என்றதும் மட்டும் பாஷை குறுக்கே வந்து நின்றுவிடுகிறது. ஒரு நாட்டு இயக்குநர், இன்னொரு நாட்டு நடிகர்களைக் கொண்டு, மூன்றாவது நாட்டுக் கதையைப் போடுகிறார் என்றால் கேட்கவே வேண்டாம். ‘அதெல்லாம் அறிவுஜீவி சமாசாரம்’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு ஆத்திரமாக வருகிறது. பாஷை தெரியாதவர்களுக்கு மிகவும் தோதான நாடகம் இதுதான். இங்கே ஒத்திகை அறையிலேயே பாதிப் பேருக்கு மீதிப் பேரின் பாஷை தெரியாது. அப்படியிருந்தும் அவர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொண்டு வேலை செய்திருக்கிறார்கள். உங்களுக்கு மட்டும் ஏன் புரியாமல் போகிறது?

அடிப்படைகளை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். நான்கு பெயர்கள் போதும். இங்கிலாந்தின் பீட்டர் புரூக், 1970இல் பாரிஸில் பல நாட்டு நடிகர்களைக் கூட்டி ஓர் ஆய்வு மையம் ஆரம்பித்தார். 1972இல் அவர்களோடு ஆப்பிரிக்கா போய் ஊர் ஊராகக் கம்பளம் விரித்து நடித்துக் காட்டினார். 1985இல் பிரான்ஸின் அவிஞ்ஞோன் விழாவில், ஒரு கல்குவாரிக்குள், ஒன்பது மணி நேர மகாபாரதம் போட்டார். பிரான்ஸின் அரியான் முனுஷ்கின், 1964இல் தெஆத்ர் து சொலெய் குழுவைத் தொடங்கியவர். பாரிஸின் ஓரத்தில் ஒரு பழைய தோட்டாத் தொழிற்சாலைதான் அவர்களுடைய அரங்கம். இத்தாலியில் பிறந்த யூஜெனியோ பார்பாவின் ஓடின் குழுவும் அதே 1964இல் நார்வேயில் பிறந்து, இரண்டே வருஷத்தில் டென்மார்க்குக்குக் குடிபெயர்ந்தது. ஜப்பானின் தடாஷி சுசுகி, 1976இல் டோக்கியோவை விட்டுவிட்டுத் தோகா என்ற மலைக்கிராமத்துக்குப் போய் அங்கேயே வேர்விட்டார். கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்து, 1973இல் மராத்தி இயக்குநர் விஜயா மேத்தாவோடு சேர்ந்து ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட்டை மராத்தியில் மேடையேற்றிய ஃபிரிட்ஸ் பெனவிட்ஸ் போல இன்னும் பலர் உண்டு. அவர்கள் பிறகு வரட்டும்.

பார்க்கப் போகும் முன் கதையைச் சுருக்கமாகப் படித்துக்கொள்ளுங்கள். அரங்கில் மேலே ஓடுகிற மொழிபெயர்ப்பு எழுத்தை விட்டுவிடுங்கள். நடிகரின் கால் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். முன்னுரை அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வேறொரு நாட்டின் கலையிலிருந்து ஓர் இயக்குநர் எடுத்துக்கொள்வது இரண்டு வகை. ஒன்றை உடுப்பு என்றும் மற்றதை ஊன்றல் என்றும் சொல்லிப் பழகிவிட்டேன். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் இந்த நாடகங்களில் முக்கால்வாசி உங்கள் கைக்கு வந்துவிடும். தெரியாவிட்டால் எத்தனை பார்த்தாலும் ‘பிரமாதமான காட்சியமைப்பு’ என்பதற்கு மேல் உங்களால் எதுவும் சொல்ல முடியாது.

உடுப்பு என்றால் துணிமணி மட்டும் இல்லை. முகப்பூச்சு, முத்திரை, கிரீடம், பின்னால் ஒலிக்கும் மேளம், ஏன், கற்றுக்கொண்ட அடவுகூட உடுப்பாக இருக்கலாம். ஊன்றல் என்பது உடம்பின் எடை எங்கே இறங்குகிறது என்பது. ஐரோப்பிய பாலே நடனம் உடம்பை மேலே மேலே தூக்கப் பார்க்கிறது. ஜப்பானின் நோ நடிகர் பாதத்தைத் தரையிலிருந்து எடுக்காமல் இழைத்தபடி நடக்கிறார். கதகளிக்காரர் முழங்காலை அகல மடக்கி, பாதத்தின் வெளி விளிம்பில் நிற்கிறார். நம் கூத்துக்காரர் தோளில் புஜக்கட்டையும் தலையில் கிரீடமுமாக அத்தனை பாரத்தையும் சுமந்துகொண்டு சுழல்கிறார். அந்தச் சுழற்சிக்கு விசை காலிலிருந்து கிளம்புகிறது. வருஷக்கணக்கான பழக்கம் இது. ஒரு மாதப் பட்டறையில் முத்திரை பிடிக்க வந்துவிடும், முழங்கால் வராது.

அதனால்தான் காலைப் பாருங்கள் என்கிறேன். அதிலும் எப்போது பார்ப்பது என்பது முக்கியம். நடிகர் ஆடும்போது பார்க்காதீர்கள்; ஆடும்போது எல்லோரும் நன்றாகத்தான் ஆடுவார்கள். பாட்டு நின்று, அடுத்தவர் பேசுவதைச் சும்மா கேட்டுக்கொண்டு நிற்க வேண்டிய நேரம் வரும். அப்போது பாருங்கள். பலர் அந்த நிமிஷமே பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல ஒரு காலில் சாய்ந்துவிடுவார்கள். கிரீடம் மட்டும் கதகளியில் இருக்கும், உடம்பு பாரிஸுக்குத் திரும்பிப் போயிருக்கும். அது உடுப்பு. பேச்சே இல்லாமல் நிற்கும்போதும் அந்த எடை கீழேயே இருக்கிறதென்றால், அந்த நடிகர் கற்றுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

சுசுகியின் பயிற்சியைப் பதிவுகளில் பார்க்கலாம். இடுப்பைத் தாழ்த்தி, தாளத்துக்குத் தகுந்தபடி சில நிமிஷங்கள் விடாமல் தரையை ஓங்கி ஓங்கி மிதிக்கிறார்கள். தொடை நடுங்கும். ஆனால் மேலுடம்பு ஆடக் கூடாது. இசை நின்றதும் அப்படியே சரிந்து தரையில் கிடக்கிறார்கள். அடுத்து ஷாகுஹாச்சி என்ற மூங்கில் குழல் மெல்ல ஒலிக்கிறது. அதோடு சேர்ந்து எழுந்து, பார்வையைத் தாழ்த்தாமல் முன்னே நடந்து வர வேண்டும். மூச்சு வாங்குவதைக் காட்டிக்கொள்ளக் கூடாது. இந்த நடையில் இருக்கிற நாடகம் பல மூன்று மணி நேர நாடகங்களில் கிடையாது. இந்தப் பயிற்சியைத்தான் அவர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கற்றுக்கொடுத்தார். 1992இல் அமெரிக்க இயக்குநர் ஆன் போகார்ட்டுடன் சேர்ந்து அங்கே சிட்டி என்ற குழுவையும் நிறுவினார். அமெரிக்க நடிகர்களை அவர் ஜப்பானியர்களாக வேஷம் கட்டச் சொல்லவில்லை. அவர்கள் அமெரிக்கர்களாகவே இருந்தார்கள், இங்கிலீஷில்தான் பேசினார்கள். நிற்கிற விதம் மட்டும் மாறியது. உடுப்பே இல்லாத ஊன்றல் இது. என் தராசில் இதற்குத்தான் முதலிடம்.

பார்பாவும் இந்தப் பக்கம்தான். 1963இல் கேரளத்துச் செறுதுருத்திக்கு வந்து, கலாமண்டலம் என்ற கலைப்பள்ளியில் பையன்கள் கதகளிப் பயிற்சி எடுப்பதைப் பார்த்தவர். அவர் ஊர் திரும்பிக் கதகளி போடவில்லை. 1979இல் நாடக மானுடவியலுக்கென்று ஒரு பன்னாட்டுப் பள்ளியைத் தொடங்கினார். ஒடிசி நடனக் கலைஞர் சம்யுக்தா பாணிகிரஹி ஆரம்பத்திலிருந்தே அதில் துணை நின்றார். பல நாட்டுக் கலைஞர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இவர்கள் எல்லோரும் அன்றாடச் சமநிலையை எப்படிக் குலைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று கேட்பதுதான் அங்கே பாடம். சம்யுக்தா திரிபங்கத்தில் நின்றால் இடுப்பு ஒரு பக்கம், மார்பு ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். கதை இன்னும் ஆரம்பிக்கவில்லை, அதற்குள் அந்த உடம்பு நம்மைப் பிடித்துவிடும். அந்தப் பிடியைத்தான் பார்பா வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார்.

முனுஷ்கின் விஷயத்தில் நான் கறார். 1981இல் அவர் ஜப்பானியச் சாயலில் போட்ட ‘இரண்டாம் ரிச்சர்ட்’டை உலகமே தலையில் தூக்கிவைத்து ஆடியது. கிடைக்கிற படங்களையும் காட்சித் துண்டுகளையும் பார்த்தவரையில் எனக்கு அது பெரும்பாலும் உடுப்புதான். கண்ணைப் பறிக்கிற உடுப்பு. 1990 முதல் 1992 வரை வந்த கிரேக்க நாடக வரிசை வேறு ரகம். இந்திய ஆட்டமுறைகளிலிருந்து பிறந்த அந்தக் கோரஸ் கூட்டமாக ஓடி வந்து சட்டென்று நிற்கும்போது தரையைப் பிடித்து நிற்கிறது. இந்திய நடிகை நிருபமா நித்யானந்தன் இஃபிஜீனியாவாக வருவதும் அந்த வரிசையில்தான்.

பிறகு 2016. ‘இந்தியாவில் ஓர் அறை’ என்ற நாடகம். புரிசை கண்ணப்ப சம்பந்தன் அந்தப் பன்னாட்டு நடிகர்களுக்குத் தெருக்கூத்து சொல்லிக்கொடுத்தார். திரௌபதி துகிலுரிதலும் கர்ணன் சாவும் பாரிஸ் மேடையில் தமிழ்ப் பாட்டோடு வந்தன. நம் ஊரில் இதைப் பற்றி வந்த பேச்செல்லாம் ‘வெள்ளைக்காரர்கள் தமிழில் பாடுகிறார்கள்!’ என்ற வாய்பிளப்புதான். அது சுற்றுலாப் பயணியின் வியப்பு. இங்கே வாத்தியார் யார், மாணவர் யார் என்று யாராவது கேட்டார்களா? உலகப் புகழ்பெற்ற குழு ஒன்று செய்யாறு பக்கத்துக் கிராமத்துக் கலைஞரிடம் பாடம் கேட்டிருக்கிறது. தலைப்புச் செய்தியாக வந்திருக்க வேண்டியது அது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: புரிசைக்காரர்கள் பிரெக்ட்டின் நாடகத்தைக் கூத்தாக ஆடியவர்கள். கொடுக்கவும் தெரியும், வாங்கவும் தெரியும்.

விமரிசகர்களுக்கு வருவோம். ஒரு கூட்டம் எதைப் பார்த்தாலும் ‘மனித குலத்தின் பொதுமொழி’ என்று எழுதிவிட்டுப் போய்விடும். இது சோம்பேறித்தனம்; எந்தக் கால் எப்படி நின்றது என்று பார்க்காமலே எழுதக்கூடிய வாக்கியம். எதிர்க்கூட்டம் ‘பண்பாட்டுத் திருட்டு’ என்ற முத்திரையைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறது. புரூக்கின் மகாபாரதத்தைப் பற்றி இந்திய நாடக விமரிசகர் ருஸ்தம் பரூச்சா எழுதிய கண்டனம் பொறுப்பான, ஆழமான கண்டனம். அதைக் கட்டாயம் படிக்க வேண்டும். என் சண்டை அதை ஒப்பிக்கிறவர்களோடு. அவர்களில் பாதிப் பேர் நாடகத்தின் பத்து நிமிஷத்தைக்கூடப் பார்த்ததில்லை. 2018இல் முனுஷ்கின் குழுவை வைத்து கனடா இயக்குநர் ரோபேர் லெபாஜ் இயக்கிய ‘கனாட்டா’வில் கனடாவின் பூர்வகுடியினர் ஒருவர்கூட நடிக்கவில்லை என்று அந்த மக்களே எழுந்து கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. அதற்கு இயக்குநர்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். கேட்கிறவர் மேடையைப் பார்த்துவிட்டுக் கேட்கிறாரா, மேடைக்குப் பதிலாகக் கேட்கிறாரா என்பதில்தான் வித்தியாசம்.

புரூக்கை நான் எந்தப் பக்கம் வைக்கிறேன் என்று கேட்பீர்கள். இரண்டிலும் இல்லை. அவர் நடிகர்களை எதையும் போர்த்திக்கொள்ளச் சொல்லவில்லை; அவரவர் கொண்டுவந்த காலோடு நிற்கவிட்டார். மேற்கு ஆப்பிரிக்கக் கதைசொல்லிகளான கிரியோ மரபில் வந்த சோத்திகி குயாத்தே பீஷ்மராக நடந்து வருவதைப் பாருங்கள், எவ்வளவு உயரம், எவ்வளவு நிதானம்! துரோணராக ஜப்பானின் யோஷி ஓய்தா. மகன் செத்தான் என்று கேட்டதும் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து, குடத்திலிருக்கும் ரத்தத்தைத் தன் தலையில் தானே ஊற்றிக்கொள்கிறார். முகத்தில் அழுகை இல்லை. நிமிர்ந்த முதுகும் வழிகிற சிவப்பும்தான். நம் வீட்டில் நூறு தடவை கேட்ட கதைதான், ஆனால் துரோணர் அன்றைக்குத்தான் எனக்குச் செத்தார். கீதையை அந்த நாடகம் அவசரமாகத் தாண்டிப் போகிறது என்ற குறை எனக்கும் உண்டு. அந்தத் துரோணருக்காக மன்னித்துவிடுவேன்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். இந்த இயக்குநர்கள் எல்லோரையும் நான் நேசிப்பது அவர்கள் போட்ட நாடகங்களுக்காக இல்லை, அவர்களுடைய பயிற்சி அறைகளுக்காக. அங்கேதான் ஒருவர் இன்னொருவருடைய உடம்புக்குள் தடுமாறுவது தெரியும். முடிந்த நாடகத்தில் அதை மெழுகிவிடுவார்கள்.

ஆகவே இப்படி ஆரம்பியுங்கள். மகாபாரதத்தின் 1989 திரைப்பட வடிவத்தைத் தேடி, துரோணர் சாகும் இடத்தை மட்டும் முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். அடுத்து சுசுகியின் பயிற்சிப் பதிவு. அடுத்து கூத்துப் பார்க்க ஓர் இரவு புரிசைக்கு. மேடைக்கு நேரெதிரே உட்காராமல், முகவீணைக்காரர் பக்கமாகப் போய் உட்காருங்கள், சலங்கைக் கால் அங்கிருந்துதான் தெரியும். இத்தனைக்கும் பிறகு திருச்சூர் நாடக விழாவுக்குப் போனால், நிகழ்ச்சி நிரலில் பட்டறை என்று ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து முதலில் அதற்குப் பெயர் கொடுங்கள். நாடகத்துக்கு டிக்கெட் அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.