நாற்பதே போதும், நட்சத்திரங்களைச் சுற்றிவர!

விண்வெளி விளையாட்டுகளில் எனக்கு உயிர் ஸ்டார்ஃபீல்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோள்கள்; இறங்கிய இடத்திலிருந்து கால்போன போக்கில் நடக்கலாம். அந்தப் பிரபஞ்சத்தின் முழு அழகையும் எனக்குத் திறந்துகாட்டியது செட்டிங்ஸ் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னத் தேர்வு: விநாடிக்கு 40 ஃபிரேம்!

2023 செப்டம்பரில் விளையாட்டு வெளிவந்தபோது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் 30 ஃபிரேம்தான். நின்று ரசிக்க அதுவே அற்புதம். ஆனால் கேமராவைச் சட்டென்று திருப்பினால் காட்சி இழுபடும். துப்பாக்கிச் சண்டையில் குறி நம் கைக்குக் கொஞ்சம் பின்னாலேயே வரும். 2024 மே மாத அப்டேட் அத்தனையையும் மாற்றிவிட்டது. 30, 40, 60, வரம்பற்றது என்று வேகத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். காட்சிக்கு முன்னுரிமையா, வேகத்துக்கு முன்னுரிமையா என்பதும் நம் விருப்பம்.

முதலில் எல்லோரையும் போல 60-க்குத்தான் ஓடினேன். ஆகா, என்ன வழுக்கல்! பூஸ்ட் பேக்கை அழுத்தி எழும்பி, அந்தரத்திலிருந்தே விண்வெளிக் கொள்ளையரைக் குறிபார்ப்பது அத்தனை சுகம். ஆனால் அந்த வேகத்துக்கு விலை உண்டு. ரெசல்யூஷன் இறங்குகிறது, ஒளியமைப்பிலும் கூட்டத்திலும் நுணுக்கம் குறைகிறது. நியூ அட்லாண்டிஸ் போன்ற பெரிய நகரத்துக்குள் நுழைந்தால் 60-இல் நிலைக்கவும் திணறுகிறது. நடமாடும் மனிதர்களையும் எண்ணற்ற பொருட்களையும் கணக்கு வைத்துக்கொள்வது பிராசசரின் வேலை. படத்தின் கூர்மையைக் குறைப்பதால் அந்தச் சுமை இறங்குவதில்லை.

40-இன் மகிமை இங்கேதான்! 30-இல் ஒரு ஃபிரேம் 33.3 மில்லி விநாடி திரையில் நிற்கிறது; 60-இல் 16.7. இரண்டுக்கும் சரிபாதி 25 மில்லி விநாடி, அதாவது 40 ஃபிரேம். எண்ணிக்கையில் பத்துதான் கூடுகிறது. நேரத்திலோ 60-க்குப் போகும் வழியில் பாதித் தூரத்தைக் கடந்துவிடுகிறோம்! காட்சிக்கு முன்னுரிமை கொடுத்து 40-ஐ வைத்தேன். கன்ட்ரோலரில் விரல் அசைந்ததும் திரை பதில் சொல்கிறது. நியான் நகரத்தின் மழையில் நனைந்த விளக்குகள் ஒளி குன்றாமல் மின்னுகின்றன. குறைந்த ஈர்ப்புள்ள நிலாக்களில் குதித்து மிதக்கும்போது அடிவானத்தில் எழும் வளையக் கோள் துல்லியமாகத் தெரிகிறது. இந்த விளையாட்டில் சுடுவதைவிட நின்று பார்ப்பதுதான் அதிகம். அப்படிப்பட்ட ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேகம் இருக்க முடியாது!

இதற்கு 120 ஹெர்ட்ஸ் டிவி வேண்டும். அதில் திரை ஒவ்வொரு மூன்று முறை புதுப்பிக்கும்போதும் ஒரு ஃபிரேம் மாறும். கணக்கு அழகாகப் பொருந்துகிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் 40 சமமாகப் பங்குபடாது, அசைவு தட்டுத்தடுமாறும். 60 ஹெர்ட்ஸ் டிவி வைத்திருப்பவர்கள் கோள்களைச் சுற்றிப் பார்க்க 30-ஐயும், சண்டைக்கு 60-ஐயும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். வி.ஆர்.ஆர். வசதியுள்ள டிவியில் ஃபிரேம் வேகம் ஏறி இறங்கினாலும் திரை அதற்கேற்ப ஈடுகொடுக்கும் என்பதால், அங்கே வரம்பற்ற வேகத்தையும் துணிந்து முயலலாம்.

120 ஹெர்ட்ஸ் டிவி வீட்டில் இருந்தால் இன்று இரவே செய்யுங்கள்: முதலில் எக்ஸ்பாக்ஸின் டிவி செட்டிங்ஸில் 120 ஹெர்ட்ஸ், பிறகு விளையாட்டுக்குள் காட்சிக்கு முன்னுரிமை, வேகம் 40. வைத்தபின் ஏதாவது ஒரு கோளில் இறங்கிச் சும்மா நடந்து பாருங்கள். மறுபடி 30-க்குத் திரும்ப மனம் வராது!